அயல்நாட்டுப் பார்சலும் அரைக்கிலோ முருங்கைப் பொடியும்

செம்பட்டி வட்டாரத்து விவசாயிகளுக்குச் சந்தை புதிதல்ல. காய்கறி ஒட்டன்சத்திரம் போகிறது. பூ நிலக்கோட்டை போகிறது. தேங்காயும் வாழையும் தோட்டத்து வாசலிலேயே வியாபாரியின் லாரியில் ஏறுகின்றன. எங்கே போனாலும் விலை சொல்பவர் வாங்குகிறவர், கேட்டுக்கொள்பவர் விளைவித்தவர். இந்த வழக்கத்திற்கு வெளியே சிறியதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் அயல்நாட்டுத் தபால் பார்சல்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ அமெரிக்காவிலோ உறவினர் ஒருவராவது இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் அபூர்வம். நிழலில் உலர்த்தி அரைத்த முருங்கைக் கீரைப் பொடி, வீட்டு மஞ்சள் தூள், தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு என்று முதலில் அன்பளிப்பாகத்தான் போகிறது. அடுத்த முறை உறவினரின் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். பணமும் அனுப்புகிறார். அந்தப் பணத்திற்குச் சரக்கு அனுப்பும்போதே அனுப்புகிறவர் ஏற்றுமதியாளர் ஆகிவிடுகிறார். அரைக்கிலோவானாலும் அது ஏற்றுமதிதான். இதைப் பலர் உணர்வதில்லை. உணர்ந்தவர்களில் பாதிப் பேர் பாரங்களைக் கண்டு பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். மீதிப் பாதிக்கு யாராவது ஒருவர் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

“கிப்ட் என்று போடுங்கண்ணே!”

குறுக்கு வழி இதுதான். “கிப்ட் என்று எழுதிப் போடுங்கண்ணே, விலையை நூறு இருநூறு என்று குறையுங்கள், ஒருத்தனும் கேட்கமாட்டான்” என்பார்கள். இந்த யோசனை விவசாயிக்கு நன்மை செய்வதுபோலத் தோன்றினாலும், அவருக்கே குழி பறிப்பதாகும்.

அயல்நாட்டுப் பார்சலில் ஒட்டும் சுங்க விவரச் சீட்டுக்கு சி.என்.22 என்றும் சி.என்.23 என்றும் பெயர். சிறு மதிப்புள்ள பொட்டலங்களுக்கு முதலாவது. மதிப்பு கூடியவற்றுக்கும் பார்சல்களுக்கும் இரண்டாவது. உலகத் தபால் ஒன்றியத்தைச் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் பொதுவான சீட்டு இது. 1874-ல் தோன்றிய அந்த ஒன்றியத்தில் இந்தியா 1876-லேயே சேர்ந்துவிட்டது. உள்ளே இருப்பது அன்பளிப்பா, மாதிரிச் சரக்கா, விற்பனைச் சரக்கா என்று அந்தச் சீட்டில் குறிக்கவேண்டும். கீழே அனுப்புகிறவர் கையெழுத்துப் போடவேண்டும். எழுதிக் கொடுத்த விவரம் உண்மை என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. பொய் விவரம் தந்து அனுப்பும் சரக்கைப் பறிமுதல் செய்யவும், அபராதம் விதிக்கவும் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சட்டத்தை ஒதுக்கிவைத்து லாப நஷ்டக் கணக்கையே பார்ப்போம். இரண்டாயிரம் ரூபாய் சரக்கை இருநூறு என்று எழுதினால், பார்சல் காணாமற்போகும்போது எழுதிய மதிப்புக்குமேல் கேட்க வாய் இருக்காது. கிப்ட் என்று எழுதியவர் பத்து வருஷம் அனுப்பினாலும், ஒரு கிலோ ஏற்றுமதி செய்ததற்குக்கூட அத்தாட்சி இராது. நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போதோ, பெரிய வியாபாரி ஒருவர் “முன்னே அனுப்பிய அனுபவம் உண்டா?” என்று கேட்கும்போதோ காட்டுவதற்குக் கையில் தாள் இல்லை. உழைத்துச் சம்பாதித்த வியாபாரத்தைத் தானே மறைத்துவைப்பது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம்?

தாளில் பொய் எழுதினால் சந்தையே மூடிப்போகும் என்பதற்கு உலக உதாரணமும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பல மாநிலங்களில், கேட்காமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்து இறங்கின. அவற்றில் பலவற்றின் மேல் நகை என்றும் வேறு சாமான் என்றும் எழுதியிருந்தது. அந்த நாட்டு விவசாய இலாகா அவற்றை விதைக்கக் கூடாது, குப்பையில் போடக்கூடாது, ஒப்படைக்கவேண்டும் என்று எச்சரித்தது. அதே ஆண்டில் பெரிய இணைய அங்காடியான அமேசான், வெளிநாட்டு விதைகளை அமெரிக்காவில் விற்பதையே நிறுத்திவிட்டது. யாரோ செய்த தில்லுமுல்லுக்கு நேர்மையான விதை வியாபாரிகளும் பலியானார்கள்.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது

வெளிநாட்டார் இலைக்கும் விதைக்கும் இவ்வளவு கெடுபிடி செய்வானேன் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துத் தென்னை விவசாயி அப்படிக் கேட்க முடியாது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையைக் கரும்பூசணமாக்கி என்ன பாடுபடுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தது. அதை அடக்க 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்க வேண்டியதாயிற்று. இரண்டுமே அயல்நாட்டுப் பூச்சிகள். அப்படி வந்த பூச்சியின் கதையை அனுபவித்தவர்கள், வந்து சேரும் சரக்கை ஒரு நாடு சோதிப்பதைக் குறை கூறுவது சரியல்ல.

ஆகவே சோதனை தேவைதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கப்பலில் கன்டெய்னர் அனுப்பும் பெரிய வியாபாரிக்கு என்னென்ன தாள்களோ, அவற்றில் பெரும்பாலானவை அரைக்கிலோ அனுப்புகிறவருக்கும் வேண்டியிருக்கின்றன. பெரியவருக்கு அதைக் கவனிக்க ஆள் இருக்கிறது. சிறியவர் களை எடுக்கும் நேரத்தில்தான் இதையும் கவனிக்கவேண்டும்.

2022-க்குப் பின் வந்த மாற்றம்

பழைய ஏற்பாட்டில், வியாபாரப் பார்சலுக்கான தபால் ஏற்றுமதிப் பத்திரத்தைத் தாளில் எழுதி, சுங்க அதிகாரிகள் இருக்கும் வெளிநாட்டு அஞ்சலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். செம்பட்டிக்காரர் இரண்டு கிலோ மஞ்சள் தூளுக்காகச் சென்னை போய்வந்தால், பஸ் செலவிலேயே முதல் கரைந்துவிடும். 2022 டிசம்பரில் மத்திய சுங்க வாரியம் புதிய விதிகளை வெளியிட்டது. அதன்படி அந்தப் பத்திரத்தைக் கம்ப்யூட்டர் மூலம் இருந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம். பார்சலை, “டாக் கர் நிர்யாத் கேந்திரா” என்னும் அஞ்சலக ஏற்றுமதி மையத்தில் கொடுத்தால் போதும். நாடு முழுவதும் இம்மாதிரி ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு அஞ்சலகத்தில் உள்ள சுங்க அதிகாரி பத்திரத்தைத் திரையிலேயே பார்த்து அனுமதி தருகிறார். சந்தேகம் இருந்தால் மட்டும் பார்சலைப் பிரித்துப் பார்க்கிறார்.

இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. தென் அமெரிக்காவில் இதற்கு முன்னோடி உண்டு. பிரேசில் நாடு தொடங்கிய “எக்ஸ்போர்ட்டா ஃபாசில்”, அதாவது “சுலப ஏற்றுமதி” என்ற திட்டத்தைப் பெரு நாடு 2007-ல் மேற்கொண்டது. மலைக் கிராமத்து நெசவாளியும் கைவினைஞரும் பக்கத்து அஞ்சலகத்திலிருந்தே சுங்கப் பத்திரத்தை முடித்து அனுப்ப அது வழி செய்தது. ஆனால் அங்கும் திட்டம் அறிவித்ததால் மட்டும் காரியம் நடக்கவில்லை. வரி இலாகா, தபால் இலாகா, சிறுதொழில் இலாகா எல்லாம் சேர்ந்து மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் குறைவது அந்தச் சொல்லிக் கொடுத்தல்தான்.

என்னென்ன தாள்கள் வேண்டும்?

முதலாவது, ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். பான் கார்டும் வங்கிக் கணக்கும் உள்ளவர் ரூ.500 கட்டணத்தில் கம்ப்யூட்டர் மூலமே பெறலாம். ஒருமுறை வாங்கினால் போதும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தவறினால் எண் செயலிழந்துவிடும்.

இரண்டாவது, வங்கியின் ஏ.டி. கோடு. வெளிநாட்டுப் பணத்தைக் கையாள அதிகாரம் பெற்ற வங்கிக் கிளையின் எண் இது. சரக்குக்கு உரிய பணம் அந்தக் கணக்கின் வழியாகவே வரவேண்டும். ஊருக்கு வரும் மைத்துனரிடம் கொடுத்தனுப்பும் ரொக்கம், ஏற்றுமதிப் பணமாகக் கணக்கில் ஏறாது.

மூன்றாவது, பில். வாங்குபவர் பெயர், முகவரி, சரக்கு, எடை, விலை எல்லாம் அதில் இருக்கவேண்டும். பில்லிலும் சுங்கச் சீட்டிலும் ஏற்றுமதிப் பத்திரத்திலும் ஒரே விவரம் இருக்கவேண்டும். ஒன்றில் 500 கிராம், மற்றதில் 550 கிராம் என்று இருந்தாலே பார்சல் நின்றுவிடக்கூடும்.

நான்காவது, சரக்கின் எச்.எஸ். எண். 1988 முதல் நடைமுறையில் உள்ள இந்த எண்முறையில் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. இந்தியாவில் எட்டு இலக்கம் எழுதவேண்டும். காய்கறி 7-ஆம் அத்தியாயம், பழம் 8, காபி, தேயிலை, மசாலாப் பொருள் 9, எண்ணெய் வித்தும் மூலிகையும் 12. மஞ்சள் 0910 என்ற தலைப்பிலும், மிளகு 0904 என்ற தலைப்பிலும் வரும். முருங்கைக் கீரைப் பொடியில்தான் சிக்கல். உலர்ந்த காய்கறி என்று 7-ஆம் அத்தியாயத்தில் போடுவோரும் உண்டு. மூலிகை என்று 12-ல் போடுவோரும் உண்டு. எண் மாறினால் வரியும் மாறும், கேட்கும் சர்டிபிகேட்டும் மாறும். இதை அவரவர் யூகத்திற்கு விடுவது முறையல்ல.

இவை எல்லாச் சரக்குக்கும் பொது. இவை தவிர, உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். மஞ்சள், மிளகு, மிளகாய் போன்றவற்றை ஏற்றுமதி செய்ய மசாலாப் பொருள் வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். காபிக்குக் காபி வாரியம். இலை, விதை, வேர் போன்றவற்றுக்குப் போகும் நாட்டின் விதிப்படி தாவர நலச் சர்டிபிகேட் வேண்டியிருக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு தேவையா என்பது சரக்கையும் விற்கும் முறையையும் பொறுத்தது. கணக்கரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

போய்ச் சேரும் நாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. அமெரிக்காவுக்கு விற்பனைக்காகத் தபாலில் போகும் உணவுப் பொருளுக்கு அந்த நாட்டு உணவு மருந்துத் துறைக்கு முன்கூட்டியே தகவல் தந்து, அவர்கள் தரும் எண்ணைப் பார்சலுடன் குறித்து அனுப்பவேண்டும். 2002-ல் அங்கே இயற்றிய சட்டத்தின் விளைவு இது. வீட்டில் தயாரித்து உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்புவதற்கு விலக்கு உண்டு. மகளுக்கு அனுப்பும் பருப்புப் பொடியும், பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் பருப்புப் பொடியும் ஒரே உரலில் இடித்ததானாலும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

எழுதும் முறையே பாதி வேலை

பார்சல்கள் நின்றுபோவதற்கு முக்கியமான காரணம் மொட்டையாக எழுதுவது. “பவுடர்” என்று மட்டும் எழுதினால், பச்சை நிறத் தூளைப் பார்க்கும் அயல்நாட்டு அதிகாரி என்னவென்று நினைப்பார்? “உலர்ந்த முருங்கை இலைத் தூள், உணவுக்கு, 250 கிராம் கொண்ட 4 பாக்கெட், நிகர எடை 1 கிலோ, விளைந்த நாடு இந்தியா” என்று ஆங்கிலத்தில் முழுமையாக எழுதவேண்டும். “மசாலா” என்று எழுதாமல் மிளகா, மஞ்சளா, கலவையா என்று சொல்லவேண்டும். “மருந்து”, “மூலிகை மருந்து” என்ற சொற்களைப் பெருமைக்காகக்கூடச் சேர்க்கக் கூடாது. சர்க்கரை நோய் தீரும், இரத்த அழுத்தம் குறையும் என்று பாக்கெட்டில் அச்சிட்டால், உணவுப் பொருள் மருந்து விதிகளுக்குள் மாட்டிக்கொள்ளும்.

எதைத் தபாலில் அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பதிலும் நிதானம் வேண்டும். சிறுமலை வாழைப்பழமும் விருப்பாச்சி மலைவாழையும் 2008-லேயே புவிசார் குறியீடு பெற்றவை. பெயர் இருக்கிறது என்பதற்காகப் பழத்தைப் பார்சலில் வைத்தால், போய்ச் சேர்வது குழம்புதான். மல்லிகைப் பூவுக்கும் தபால் வழி பொருந்தாது. விதையை முறையான சர்டிபிகேட் இல்லாமல் அனுப்பவே கூடாது. நன்றாக உலர்ந்தது, கசியாதது, கெடாதது எதுவோ அதுவே சிறு பார்சலுக்கு ஏற்றது.

பூச்சிமருந்துக் கணக்கும் இதில் அடக்கம். ஐரோப்பிய நாடுகளில், தனி வரம்பு குறிப்பிடாத மருந்துகளுக்கு ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு. அதாவது நூறு கிலோவில் ஒரு மில்லிகிராம். கீரை காயும்போது தண்ணீர் போகும். மருந்தின் மிச்சம் தங்கிவிடும். காய்க்கு மருந்து அடித்த மரத்திலேயே கீரையைப் பறித்துப் பொடியாக்குவது ஆபத்து. கீரைக்கென்று தனிப் பாத்தி ஒதுக்குவதும், எந்தத் தேதியில் என்ன தெளித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் செலவில்லாத காப்பு.

2025 கற்றுத் தந்த பாடம்

எல்லாத் தாளையும் சரியாக வைத்திருந்தாலும், சந்தை ஒரே நாட்டை நம்பியிருந்தால் என்னாகும் என்பதை 2025 காட்டிவிட்டது. அதுவரை 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் நீங்கியது. அதற்கு முன்பாகவே, ஆகஸ்ட் 25 முதல் இந்தியத் தபால் இலாகா அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்திவைத்தது. தொடக்கத்தில் கடிதங்களுக்கும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டுடன் அக்டோபர் 15-ல் சேவை மீண்டும் தொடங்கியது. இடையில் ஏழு வாரம் கடந்துவிட்டது. அந்த ஏழு வாரத்தில் கிப்ட் என்று எழுதச் சொல்லும் சபலம் எவ்வளவு பெருகியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அன்பளிப்புக்குச் சலுகை தரும் நாடு, அன்பளிப்பு என்று எழுதிய பார்சலைத்தான் உற்றுப் பார்க்கும்.

ஆகவே, வரி எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் அன்றைய நிலவரப்படி கேட்டுக்கொண்டே விலை பேசவேண்டும். வரி யார் தலையில் என்பதையும் வாங்குபவரிடம் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தனியாகவா, கூட்டாகவா?

இத்தனை தொல்லை எதற்கு, வியாபாரியிடமே போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பத்துக் கிலோ பொடிக்காகத் தனி ஒரு விவசாயி இத்தனை பதிவுகளையும் எடுத்து, எச்ச நஞ்சுச் சோதனைக்கும் பணம் கட்டினால் கட்டுப்படி ஆகாது. ஆனால் இருபது பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுவோ ஒரே ஐ.இ.சி. எண், ஒரே உணவுப் பதிவு, ஒரே சோதனைச் சர்டிபிகேட் என்று வைத்துக்கொண்டால் செலவு இருபதாகப் பிரியும். குழுவில் படித்த பெண் ஒருவருக்குப் பாரம் எழுதும் பொறுப்பைக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுக்கலாம். ஒருவர் கலப்படம் செய்தால் எல்லோர் சரக்கும் நிற்கும் என்பதால், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் கட்டுப்பாடும் தானே வரும்.

எல்லா விளைச்சலையும் பார்சலில் அனுப்பிவிட முடியாது. நூறு கிலோவில் ஐந்து கிலோ போனால்கூடப் போதும். சரக்கின் உண்மையான மதிப்பு என்ன என்பது விவசாயிக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தபின் மீதி தொண்ணூற்றைந்து கிலோவுக்கு வாசலில் வியாபாரியிடம் பேசும் பேச்சு வேறாக இருக்கும்.

அரசு செய்யவேண்டியது

தமிழக அரசு தன் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் திண்டுக்கல், தேனி, கரூர், மதுரை முதலிய மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்திருக்கிறது. மண்டலம் என்ற பெயர் மட்டும் போதாது. சிறு விவசாயிக்கு எட்டும்படி சில காரியங்கள் உடனே நடக்கவேண்டும்.

ஏற்றுமதிப் பத்திரத்தையும் சுங்கச் சீட்டையும் நிரப்பும் முறையைத் தமிழில் மாதிரியுடன் அச்சிட்டு ஒவ்வோர் அஞ்சலகத்திலும் ஒட்டவேண்டும். வாரத்தில் ஒரு நாள் திண்டுக்கல்லில் தபால், வேளாண்மை, தோட்டக்கலை, உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாரங்களைச் சரிபார்த்துத் தரவேண்டும். முருங்கைப் பொடி போன்ற சரக்குகளுக்கு எந்த எச்.எஸ். எண் என்பதைச் சுங்க இலாகா தெளிவாக அறிவிக்கவேண்டும். தாவர நலச் சர்டிபிகேட்டுக்காகச் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அலையாமல், சிறு அளவுச் சரக்கை மாவட்டத்திலேயே பார்வையிட ஏற்பாடு வேண்டும். குழுக்களின் எச்ச நஞ்சுச் சோதனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கவேண்டும். இவற்றில் எதுவும் புதிய கட்டடம் கேட்கும் திட்டமல்ல. இருக்கும் அலுவலர்கள் ஒன்று கூடினாலே ஆகக்கூடிய காரியம்.

விவசாயிகள் தங்கள் பங்குக்குச் செய்யவேண்டியது அதைவிடச் சுலபம். உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். எடையைக் குறைக்காமல், விலையை மறைக்காமல், விற்பனையை விற்பனை என்றே குறிக்கவேண்டும். அரைக்கிலோ பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் இருப்பது ஒரு விவசாயியின் கையெழுத்து மட்டுமல்ல; அடுத்து அனுப்பப்போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் நாணயமும் அதில் இருக்கிறது. அதிகாரிகள் வழியை எளிதாக்கட்டும். விவசாயிகள் அந்த வழியை நேராகப் பயன்படுத்தட்டும்.